காவலில் இறந்தோரும் அவர்தம் நோய்களும்

2020ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் இரவு, அமெரிக்க நாட்டின் மினியாப்பொலிஸ் நகரக் காவல்துறை ஓர் அறிக்கை வெளியிட்டது. காவலர்கள் ஒருவரைக் கைவிலங்கிட்டனர், அவர் உடல்நலம் குன்றித் துன்புறுவதாகத் தோன்றவே மருத்துவ ஊர்தியை வரவழைத்தனர், மருத்துவமனையில் அவர் சிறிது நேரத்தில் உயிர் நீத்தார் என்பதே அதன் சாரம். காவலர் நடவடிக்கையின்போது நேர்ந்த ஒரு 'மருத்துவ நிகழ்வு' என்று அதற்குத் தலைப்பும் இட்டிருந்தனர். முழங்கால் என்ற சொல்லோ கழுத்து என்ற சொல்லோ அவ்வறிக்கையில் ஓரிடத்தும் இல்லை.

அவ்வறிக்கையே வரலாறாக நிலைத்திருக்கும். ஆனால் கடைக்கு வந்திருந்த பதினேழு வயதுப் பள்ளி மாணவி ஒருத்தி, தன் கைப்பேசியில் நிகழ்ந்ததைப் படமாக்கி உலகறியச் செய்துவிட்டாள். ஜார்ஜ் ஃபிளாய்டு என்னும் கறுப்பர், கைகள் பின்புறம் விலங்கிடப்பட்டுத் தெருவில் குப்புறக் கிடக்க, டெரிக் ஷோவின் என்னும் வெள்ளைக் காவலர் அவர் கழுத்தின்மீது முழங்காலை ஊன்றி 9 நிமிடமும் 29 விநாடியும் இருந்தார். "என்னால் மூச்சுவிட முடியவில்லை" என்று அம்மனிதர் இருபது முறைக்கு மேல் கூறினார்.

நம் வெள்ளி விழா மலரில் அமெரிக்க நாட்டுச் செய்தி எதற்கு என்று சிலர் வினவக் கூடும். அண்ணல் அம்பேத்கர் 1946இல் கறுப்பின அறிஞர் டபிள்யூ. ஈ. பி. டூபாய்சுக்குக் கடிதம் எழுதினார். அதில், தீண்டப்படாதோர் நிலைக்கும் அமெரிக்கக் கறுப்பர் நிலைக்கும் உள்ள ஒப்புமை கருதி, அவர்கள் வரலாற்றைப் பயில்வது இயல்பு மட்டுமன்றித் தேவையும் ஆகும் என்று குறித்தார். நம் சங்கத்தின் விடுதியில் பயின்ற பிள்ளைகள் நாளை செவிலியராகவும் காவலராகவும் வழக்குரைஞராகவும் ஆகக்கூடியவர்கள். ஒருவர் காவலில் இறந்தால் 'இவர் எதனால் இறந்தார்' என்ற வினாவுக்கு விடை எழுதும் இடத்திலோ, அவ்விடையைப் படித்துப் பார்க்கும் இடத்திலோ அவர்கள் நிற்க நேரும். ஆதலின் அவ்வினாவின் வரலாற்றையே ஈண்டு நோக்குவோம்.

முதலில் உடலியல் செய்தி ஒன்றை அறிதல் வேண்டும். நாம் மூச்சை உள்ளிழுக்கும்போது விலா எலும்புகள் மேலெழுந்து விரிகின்றன. உதரவிதானம் கீழிறங்கி வயிற்றை முன்தள்ளுகின்றது. ஒருவரைக் கடினமான தரையில் குப்புறக் கிடத்தினால் வயிறு முன்தள்ள இடமில்லை. கைகளைப் பின்னால் இழுத்து விலங்கிட்டு முதுகின்மேல் ஆள் ஏறி அழுத்தினால் மார்பு விரியவும் வழியில்லை. போராடிக் களைத்த உடலுக்கோ மற்ற நேரங்களைவிட மிகுதியான காற்று வேண்டும். தேவை மிகும் வேளையில் வரத்துக் குறைகின்றது. மூச்சுக்காக அவர் உடலை நெளித்தால், எதிர்க்கின்றார் என்று எண்ணி மேலும் அழுத்துகின்றனர்.

"பேச முடிகிறதே, அப்படியானால் மூச்சு விடவும் முடியும்" என்பது காவலர் பலரும் சொல்லும் மறுமொழி. இது பிழையான கருத்து. பேசுவதற்குக் குரல்நாண்களின் ஊடே சிறிதளவு காற்று வெளியேறினால் போதும். உயிர் வாழ்வதற்கோ காற்று நுரையீரலின் நுண்ணறைகள் வரை சென்றாக வேண்டும். படிப்போர் மூச்சை நன்றாக வெளியே விட்டபின், மீண்டும் இழுக்காமல் இரண்டொரு சொற்களைச் சொல்லிப் பார்க்கலாம். சொல் வரும். வருகிறது என்பதனால் உள்ளே காற்று போயிற்று என்று பொருளாகாது.

இவ்வாபத்து 2020இல்தான் கண்டறியப்பட்டது என்று எவரும் கருதவேண்டா. 1995ஆம் ஆண்டு சூன் திங்களிலேயே அமெரிக்க நீதித்துறை இதனைக் குறித்துக் காவலர்க்குச் சுற்றறிக்கை விடுத்தது. கைவிலங்கிட்டவுடன் ஆளைக் குப்புறக் கிடக்கும் நிலையிலிருந்து மாற்றிவிட வேண்டும் என்பது அதன் அறிவுரை. 1997இல் சான் டியேகோ நகர ஆய்வாளர்கள் உடல்நலம் வாய்ந்த 15 ஆடவரைக் கொண்டு சோதனை செய்தனர். கை கால்களைப் பின்புறம் சேர்த்துக் கட்டிக் குப்புறக் கிடத்தியபோது நுரையீரலின் இயக்கம் குறைந்ததேயன்றி, இரத்தத்தில் உயிர்வளி அபாய அளவுக்கு இறங்கவில்லை என்று கண்டனர். இவ்வாய்வு பின்னர்க் காவலர் தரப்பு வழக்குரைஞர்க்குப் பெரிய துணையாயிற்று. அச்சோதனைக்கு வந்தவர்கள் இளைஞர். தம் விருப்பத்தின் பேரில் வந்தவர். எந்நேரமும் அவிழ்த்துவிடுவர் என்று அறிந்தவர். தெருவில் அஞ்சிப் போராடி, நான்கு பேரின் கீழ்க் கிடப்பவரோடு இவரை ஒப்பிடுவது எவ்வாறு பொருந்தும் என்பது எனக்கு விளங்கவில்லை.

இனி, இனப்பிரச்சினை இதனுள் நுழைந்த வரலாற்றுக்கு வருவோம். 1976 அக்டோபர் 6ஆம் நாள் பின்னிரவில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் அடால்ஃப் லயன்ஸ் என்னும் 24 வயதுக் கறுப்பின இளைஞரின் காரைக் காவலர்கள் நிறுத்தினர். காரின் பின்விளக்கு எரியவில்லை என்பதே குற்றம். அவர் எதிர்க்காத நிலையிலும் ஒரு காவலர் கழுத்துப்பிடி போட்டார். நினைவிழந்த லயன்ஸ் விழித்தபோது முகம் தரையில் பதிந்திருந்தது, வாயிலிருந்து இரத்தமும் மண்ணும் வந்தன, குரல்வளை சிதைந்திருந்தது. காவலர்கள் பின்விளக்குக்கான குற்றச்சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டனர்.

இவ்வழக்கு அமெரிக்க உச்சநீதிமன்றம் வரை சென்றது. கழுத்துப்பிடிக்குத் தடை விதிக்க வேண்டும் என்ற அவர் கோரிக்கையை 1983இல் 5க்கு 4 என்ற கணக்கில் நீதிமன்றம் மறுத்தது. லயன்ஸ் இழப்பீடு கேட்கலாம். ஆனால் தம் கழுத்தே மீண்டும் நெரிக்கப்படும் என்று அவரால் மெய்ப்பிக்க இயலாதாகையால் தடை கேட்க உரிமையில்லை என்பது பெரும்பான்மைத் தீர்ப்பு. சட்டம் படித்தோர் இதற்கு நுட்பமான விளக்கம் தருவர். எளிய மனிதனுக்கு அது வியப்பாகவே இருக்கும். அந்நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியான தர்குட் மார்ஷல் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். 1975 முதல் அந்நகரில் கழுத்துப்பிடியால் 16 பேர் இறந்தனர், அவருள் 12 பேர் கறுப்பின ஆடவர், நகர மக்கள் தொகையில் அவர்கள் 9 விழுக்காடே என்ற கணக்கை அதில் அவர் பதிந்து வைத்தார்.

வழக்கு நிலுவையில் இருந்த 1982ஆம் ஆண்டு மே திங்களில், அந்நகரக் காவல்துறைத் தலைவர் டேரில் கேட்ஸ் இக்கணக்குக்கு ஒரு விளக்கம் கூறினார். அந்தப் பிடியைப் போடும்போது, கறுப்பர் சிலரின் இரத்தக் குழாய்கள் 'இயல்பான மனிதர்'களுக்குத் திறப்பதுபோல் விரைவாகத் திறப்பதில்லை போலும் என்றார். பெருங்கண்டனம் எழுந்தது, ஆயினும் அவர் 1992 வரை அப்பதவியிலேயே நீடித்தார். மருத்துவ நூல் எதிலும் இக்கூற்றுக்கு இடமில்லை. 'இயல்பான மனிதர்' என்ற சொல்லைப் பலரும் பழித்தனர்; பழிக்கத் தக்கதே. ஆனால் அக்கூற்றின் அமைப்பையும் நாம் கவனித்தல் வேண்டும். பிடித்த கையில் பிழையில்லை, பிடிபட்ட உடலில்தான் குறை என்று அது சொல்கின்றது. பின்வந்தோர் கேட்சைப் போல் இனத்தைப் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. கூற்றின் அமைப்பை மட்டும் வைத்துக்கொண்டனர்.

2014 சூலை 17இல் நியூயார்க் நகரின் ஸ்டேட்டன் தீவில், வரி செலுத்தாத சிகரெட்டுகளை உதிரியாக விற்றார் என்ற ஐயத்தின் பேரில் எரிக் கார்னர் என்னும் 43 வயதினரைக் காவலர் பிடித்தனர். ஒருவர் அவர் கழுத்தைக் கையால் வளைத்துச் சாய்த்தார். 1993 முதலே நியூயார்க் காவல்துறை விதிகளில் தடை செய்யப்பட்டிருந்த பிடி அது. மூச்சுவிட முடியவில்லை என்று கார்னர் 11 முறை கூறினார். கழுத்தும் மார்பும் அழுத்தப்பட்டதும் குப்புறக் கிடத்தப்பட்டதும் மரணக் காரணம் என்றும், ஆஸ்துமாவும் உடற்பருமனும் இரத்த அழுத்த இதயநோயும் துணைக் காரணங்கள் என்றும் நகர மருத்துவ அதிகாரி எழுதினார். துணைக் காரணங்களாக எழுதப்பட்டவை மறுநாளே முதற்காரணங்களாகப் பேசப்பட்டன. ஆஸ்துமாவும் இதயநோயும் இத்துணைப் பருமனும் இல்லாதிருந்தால் அவர் இறந்திருக்கமாட்டார் என்று பீட்டர் கிங் என்னும் நாடாளுமன்ற உறுப்பினர் தொலைக்காட்சியில் கூறினார். அக்காவலர்மீது கிராண்ட் ஜூரி குற்றம் சாட்டவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2019இல் அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார்; அவ்வளவே.

இவ்விடத்தில் நம் நாட்டுப் பழைய வழக்கு ஒன்று நினைவுக்கு வருகின்றது. 1875இல் ஆக்ராவில் ஃபுல்லர் என்னும் ஆங்கிலேய வழக்குரைஞர், வண்டியைக் கொண்டுவரத் தாமதித்ததற்காகக் கட்வாரு என்னும் குதிரைக்காரரை அடித்துக் கீழே தள்ளினார். கட்வாரு சற்று நேரத்தில் இறந்தார். பிணத்தை அறுத்துப் பார்த்த மருத்துவர், மண்ணீரல் வீங்கியிருந்தது, அது வெடித்ததால் மரணம் என்றார். நீதிபதி விதித்த தண்டனை 30 ரூபாய் அபராதம். வைஸ்ராய் லிட்டன் பிரபு 1876இல் இதனைக் கண்டித்துக் குறிப்பு எழுதியபோது, இங்கிருந்த ஆங்கிலேயப் பத்திரிகைகள் அவர்மீதே பாய்ந்தன. மலேரியா மிகுந்த நாட்டில் ஏழைகளின் மண்ணீரல் வீங்கியிருப்பது வழக்கம். வெள்ளைத் துரையின் உதையால் கூலியாள் இறந்தால் 'மண்ணீரல்' என்று சொல்லித் தப்புவதும் அக்காலத்து வழக்கமாகிவிட்டது.

இதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னரே, 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 299ஆம் பிரிவு முதல் விளக்கத்தில், நோயுற்றவருக்குக் காயம் விளைவித்து அவர் சாவை விரைவுபடுத்துபவர் அச்சாவை விளைவித்தவராகவே கருதப்படுவார் என்று எழுதிவிட்டனர். 2024 சூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தின் 100ஆம் பிரிவிலும் அவ்விளக்கம் உள்ளது. சட்டம் இருந்தும் ஃபுல்லர் தப்பியது எவ்வாறு? மண்ணீரல் நோயை அவர் அறிந்திருக்கவில்லை, ஆதலின் சாவு நேரும் என்று அறிந்து அடித்தவரல்லர் என்ற வாதத்தால். ஆக, நோய் இருந்ததா என்பதன்று வழக்கின் உயிர்நிலை. அடித்தவன் எதனை அறிந்திருந்தான் என்பதே.

மினியாப்பொலிஸ் வழக்கு இதனால்தான் வரலாற்றில் தனியிடம் பெறுகின்றது. அமெரிக்காவில் பிணக்கூறாய்வு அதிகாரி மரணத்தின் வகையை ஐந்தனுள் ஒன்றாகக் குறித்தல் வேண்டும்: இயற்கை, விபத்து, தற்கொலை, பிறர் செயலால் நேர்ந்தது, தீர்மானிக்க இயலாதது. நான்காவது வகை 'கொலைக்குற்றம்' என்று பொருள்படாது. பிறர் கை அதில் உண்டு என்று மட்டுமே சொல்வது. ஃபிளாய்டின் மரணம் அவ்வகையில் குறிக்கப்பட்டது. காவலர் அடக்கிப் பிடித்துக் கழுத்தை அழுத்திய நிலையில் இதயமும் மூச்சும் நின்றன என்று எழுதிய அதிகாரி, இதயநோயையும் உடலில் இருந்த ஃபென்டனில், மெத்தாம்ஃபெட்டமைன் ஆகிய போதைப் பொருள்களையும் பிற நிலைமைகளாகச் சேர்த்தார். எதிர்த்தரப்பினர் அப்பட்டியலையே கேடயமாகப் பிடித்தனர்.

2021 ஏப்ரலில் நடந்த விசாரணையில் மார்ட்டின் டோபின் என்னும் நுரையீரல் மருத்துவர் சாட்சியம் அளித்தார். ஃபிளாய்டின் மூச்சுகளைப் படத்தைப் பார்த்து எண்ணிக் கணக்கிட்டு, ஃபென்டனில் மிகுந்திருந்தால் மூச்சின் எண்ணிக்கை குறைந்திருக்கும், அவ்வாறு குறையவில்லை என்று ஜூரிகளுக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் எடுத்துரைத்தார். நல்ல உடல்நலம் உடையவரும் இந்நிலைக்கு உட்பட்டால் இறந்திருப்பார் என்றார். நகரக் காவல்துறைத் தலைவரே சாட்சிக் கூண்டில் ஏறி, அடங்கிவிட்டவரை அவ்வாறு அழுத்தி வைத்திருப்பது தம் துறையின் பயிற்சிக்கும் விதிக்கும் மாறானது என்றார். 'அறியேன்' என்று சொல்ல ஷோவினுக்கு இடமில்லாமல் போயிற்று. உடனிருந்த காவலர் ஒருவர், ஆளை ஒருக்களித்துக் கிடத்தலாமா என்று கேட்டதும், மற்றொருவர் நாடி பார்த்து இல்லை என்று சொன்னதும் படத்தில் பதிவாகியிருந்தன. நாடி இல்லை என்று சொன்ன பின்னும் முழங்கால் எடுபடவில்லை. ஏப்ரல் 20இல் ஜூரி குற்றவாளி எனத் தீர்த்தது. தண்டனை இருபத்திரண்டரை ஆண்டுகள்.

ஒருக்களித்துக் கிடத்தலாமா என்று கேட்ட அக்காவலர் அப்போது 'எக்சைட்டட் டெலீரியம்' என்ற சொல்லையும் கூறினார். அதனால்தான் குப்புறக் கிடத்தியிருக்கிறோம் என்பது ஷோவினின் மறுமொழி. 'கிளர்ச்சிப் பிதற்றல்' என்று நாம் தமிழில் சொல்லத்தக்க இச்சொல்லின் பிறப்பை அறிதல் நன்று. 1985இல் மயாமி நகரத்து வெட்லி என்னும் பிணக்கூறாய்வு மருத்துவரும் ஃபிஷ்பைன் என்னும் மனநல மருத்துவரும், கொக்கெய்ன் உண்டு வெறிகொண்டு திடீரென இறந்த எழுவரைக் குறித்து எழுதினர். எழுவருள் ஐவர் காவலில் இறந்தவர். அதே மருத்துவர், அந்நகரில் அடுத்தடுத்துப் பிணமாகக் கிடந்த கறுப்பின மகளிரும் கொக்கெய்னாலேயே இறந்தனர் என்றார். அவருடைய மேலதிகாரி மறுஆய்வு செய்தபோது, அம்மகளிர் மூச்சடைக்கப்பட்டுக் கொல்லப்பட்டவர் என்று தெரிந்தது. ஒரே கொலைஞனின் செயல் எனக் காவல்துறை முடிவு செய்தது. இத்துணைப் பெரிய சறுக்கலுக்குப் பின்னும் அச்சொல் மறையவில்லை. 2009இல் அவசர சிகிச்சை மருத்துவர் கல்லூரி என்னும் அமைப்பு அதனை ஏற்று அறிக்கையும் வெளியிட்டது.

அச்சொல்லின் விலை ஒன்றைச் சொல்கிறேன். 2019 ஆகஸ்டில் கொலராடோ மாநிலத்து அரோரா நகரில், கடையிலிருந்து வீடு திரும்பிய எலைஜா மெக்ளெய்ன் என்னும் 23 வயது இளைஞரைக் காவலர் பிடித்துக் கழுத்துப்பிடி போட்டனர். அவர் ஒரு குற்றமும் செய்தவரல்லர். வந்த மருத்துவ உதவியாளர்கள், கிளர்ச்சிப் பிதற்றல் என்று முடிவு கட்டி 500 மில்லிகிராம் கெட்டமைன் செலுத்தினர். அவர் எடை ஏறத்தாழ 65 கிலோ; அவ்வுடலுக்கு அது மிக மிகுதி. அவர் மீளவில்லை. 2023 டிசம்பரில் அம்மருத்துவ உதவியாளர் இருவரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. அதே ஆண்டில்தான் பிணக்கூறாய்வு மருத்துவர் சங்கமும் அவசர சிகிச்சை மருத்துவர் அமைப்பும் அச்சொல்லைக் கைவிட்டன. கலிஃபோர்னியா மாநிலம் அதனை மரணக் காரணமாக எழுதுவதைச் சட்டத்தால் தடுத்தது.

வெள்ளையரும் இவ்வாறு இறப்பதில்லையா, இதில் இனத்தை ஏன் இழுக்கின்றீர் என்று கேட்போர் உண்டு. கேள்வி நேர்மையானதாயின் விடை சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். இறக்கின்றனர். 2016இல் டல்லஸ் நகரில், மனநோய்க்கு மருந்து உண்ணாததால் அஞ்சித் தாமே காவலரை உதவிக்கு அழைத்த வெள்ளையர் ஒருவர், ஏறக்குறைய 14 நிமிடம் குப்புற அழுத்தப்பட்டு இறந்தார். அழுத்தியோர் கேலி பேசிச் சிரித்தது பதிவாகியுள்ளது. முதுகின் மேல் ஏறிய எடைக்கு நிறவேற்றுமை தெரியாது. ஆனால் எவர் முதுகின்மேல் அது அடிக்கடி ஏறுகின்றது என்பது வேறு வினா. ஆஸ்திரேலிய நாட்டில் பூர்வகுடிகளின் காவல் மரணங்கள் 99ஐ ஆராய்ந்த அரச ஆணையம், 1991இல் அளித்த அறிக்கையில் இதனைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. காவலுக்குள் சென்றபின் பூர்வகுடியினரும் பிறரும் ஏறத்தாழ ஒரே வீதத்தில்தான் இறக்கின்றனர். காவலுக்குள் கொண்டு செல்லப்படுவதில்தான் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு என்பது அவ்வாணையம் கண்ட முடிவு.

மூன்றாவதாக ஒரு வினாவும் உண்டு: இறந்தபின் எழுதுகின்ற கை எவருக்கு எதனை எழுதுகின்றது? ஷோவின் வழக்கில் எதிர்த்தரப்பு மருத்துவராக வந்தவர், மேரிலாண்ட் மாநிலத்தின் முன்னாள் தலைமைப் பிணக்கூறாய்வு அதிகாரி டேவிட் ஃபௌலர். ஃபிளாய்டின் மரண வகையைத் தீர்மானிக்க இயலாது என்று அவர் சாட்சியம் அளித்தார். அதனைக் கேட்டு நானூறுக்கும் மேற்பட்ட மருத்துவர்கள் கையொப்பமிட்டுக் கடிதம் அனுப்பவே, அவர் பதவியில் இருந்த காலத்துக் காவல் மரணங்களை மறுஆய்வு செய்ய அம்மாநிலம் ஏற்பாடு செய்தது. முதலில் எழுதப்பட்ட முடிவு இன்னதென்று தெரிவிக்காமல், ஒவ்வொரு கோப்பையும் வெளியிலிருந்து வந்த மூன்று வல்லுநரிடம் தனித்தனியே கொடுத்தனர். 2025 மே திங்களில் முடிவு வெளியாயிற்று. ஆராய்ந்த 87 மரணங்களுள், விபத்து என்றும் இயற்கை என்றும் தீர்மானிக்க இயலாதது என்றும் எழுதப்பட்டிருந்த 36 மரணங்கள் பிறர் செயலால் நேர்ந்தவை என்று மூவரும் ஒருமித்துக் கூறினர். மேலும் 5 மரணங்களில் மூவருள் இருவர் அவ்வாறு கூறினர். இறந்தவர் கறுப்பராக இருந்தபோதும், பிடித்தவர் காவலராக இருந்தபோதும், அவ்வலுவலகம் அவ்வாறு எழுதுவது குறைந்தே இருந்தது என்பதையும் அறிக்கை எண்களால் காட்டியது. அக்கோப்புகளில் சில இருபது ஆண்டுப் பழையவை.